ஷேட் கார்டின் கடைசிக் கட்டம்

காதர்பேட்டையில் என் பனியன் துணிக் கடைக்கு வந்த சூடான் வியாபாரி, சாய நிறங்களுக்கு மாதிரி காட்டும் புது ஷேட் கார்டின் கடைசித் துணித்துண்டில் விரலை வைத்தார். அடர் கறுப்பு. அதன் கீழே ஆங்கிலத்தில் 'நூபியன்' என்று அச்சடித்திருந்தேன். இணையத்தில் பார்த்த சொல், கம்பீரமாக இருந்தது. என் ஆங்கில ஞானம் அவ்வளவுதான்.

"யார் வைத்த பெயர் இது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"நான்தானுங்க" என்று பயத்தில் தமிழில் சொன்னேன்.

"நூபியன் என்றால் நைல் கரையில் வாழும் என் ஜனம். எங்களுக்கு மண்ணும் மொழியும் இருக்கிறது. ஆங்கிலத்தில் கறுப்பான எதற்கும் அந்தப் பெயரை ஒட்டிவிடுகிறார்கள். நீயுமா?"

கார்டிலிருந்து சாய நெடி மூக்கில் ஏறியது. சாயப்பட்டறை மாஸ்டரான என் மாமன்மேல் எப்போதும் வீசும் நெடி அது. எனக்கு ஏழு வயதில், உறவெல்லாம் கூடிய ஒரு சீர் வீட்டில், அவர் ஷேட் கார்டை என் கன்னத்தோடு ஒட்டிப் பார்த்தார்.

"ஏனுங்கக்கா, உங்க பையன் கடைசிக் கட்டமுங்க. எத்தனை சலவை போட்டாலும் வெளுக்காதுங்க."

அம்மாவும் சிரித்தாள். கன்னத்திலிருந்த மாமன் விரலை ரத்தம் வரக் கடித்தேன். என் வாழ்நாளின் ஒரே வீரச்செயல். 'கடைசிக் கட்டம்' என்ற பெயர் மட்டும் என் கல்யாணம் வரை நிலைத்தது.

"பேரை அழிச்சுடறேனுங்க" என்று கார்டை நோக்கிக் கை நீட்டினேன். அவர் ஆர்டர் தராமல் எழுந்தார்.

நீட்டிய விரல் அப்படியே நின்றது. அவர் அதைக் கடித்திருந்தாலும் நியாயம்தான்.