வாகாடு கடற்கரையில் அண்ணனின் கயாக்

ஆந்திராவின் வாகாடு கடற்கரையில் அண்ணனின் கயாக் படகை மினி லாரியில் ஏற்றிக்கொண்டிருக்கிறோம். போன மாதம் பெரிய மீன் பிடிக்க இதில் தனியாகக் கடலுக்குள் போனவன் பிணமாகத்தான் திரும்பினான். அவனைக் கரைசேர்த்த தமிழ் மீனவர் படகின் ஒரு முனையைத் தூக்கிப் பிடிக்கிறார்.

"மீனு மாட்டலன்னா தெலுங்குல திட்டுவான்மா உங்கண்ணன். அன்னிக்கு மாட்னது பெர்சு, பக்கவாட்டுல இஸ்த்து கவுத்துட்ச்சி. தூண்டி நரம்ப அறுத்து உட்டிருக்கணும்." இடுப்பில் கட்டிய கத்தியைத் தொட்டுக் காட்டுகிறார். "இது இல்லாம நாங்க தண்ணில கால் வைக்க மாட்டோம். அவன்கிட்ட இருந்துச்சா?"

"இருந்துச்சுண்ணா."

அன்று கிளம்பும்போது அண்ணன் கத்தியைத் தேடினான். முந்தின நாள் அதில் மாங்காய் நறுக்கிவிட்டு, கத்தியை என் டிபன் பையில் போட்டது நான்தான். தூக்கக் கலக்கத்தில், "எனக்குத் தெரியாது" என்றேன். அந்தப் பை இப்போது என் தோளில் தொங்குகிறது. கத்தி இன்னும் அதற்குள்ளேயே இருக்கிறது.