வாலுக்கு ஒரு குழி

அப்பா முப்பத்தொரு வருடம் பஸ் டிப்போவில் மெக்கானிக். பழுது பார்த்த பஸ்ஸை ஓட்டிப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவார். வழியில் நின்றால் ஓரங்கட்டுவார். இறங்கி, வண்டியைத் திட்டி, சரிசெய்து, திரும்பி வருவார். அந்தப் பழக்கம்தான் அவரைக் கொன்றது.

ஓய்வு பெற்ற மறுவாரமே டிப்போ வெல்டருடன் சேர்ந்து சிறு விமானம் கட்டும் வரைபடம் ஒன்று வாங்கினார். ஒரே கொட்டகையில் இரண்டு ஒற்றை இருக்கை விமானங்கள், ஆளுக்கொன்று. ஆறு வருட வேலை. இறக்கையில் ஒவ்வொரு ரிவெட் ஆணியையும் விரலால் தடவிப் பார்ப்பார். ஒன்று சாய்ந்திருந்தாலும் எடுத்துவிட்டு மறுபடி அடிப்பார். அவரைக் கவனக்குறைவானவர் என்று எவனாவது சொன்னால் அறைவேன்.

நான் பம்பு தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். அப்பா முதல்முறை பறப்பதற்கு முன் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். மேலேறும்போது மூக்கு தூக்கும், இன்ஜினுக்குப் பின்னால் இருக்கும் பெட்ரோல் தொட்டி தாழும். அந்தச் சாய்வில் பெட்ரோல் எவ்வளவு வருகிறது என்று தரையிலேயே அளந்துவிடுங்கள். வால் சக்கரத்துக்கு ஒரு குழி வெட்டினால் போதும்.

“இப்பவே அருவி மாதிரி கொட்டுது. என் பஸ்ஸு மலை ஏறலயா?”

“பஸ்ஸுல பம்பு இருக்குப்பா. இதுல பெட்ரோல் தானா இறங்கி வரணும்.”

“படிச்ச பொண்ணு சொல்றா, கேட்டுக்கடா,” என்றார் வெல்டரிடம். “ஓட்டிப் பார்த்தா தெரிஞ்சிடப் போகுது.”

இருவரும் சிரித்தார்கள்.

தெரிந்தது. எண்பது மீட்டர் உயரத்தில் இன்ஜின் நின்றது. நேர் எதிரே தரிசு நிலம். மூக்கைத் தாழ்த்தி அதில் இறங்கியிருக்கலாம், சக்கரம் உடைந்திருக்கும், அவ்வளவுதான். அவர் வண்டியைக் காப்பாற்ற ஓடுபாதைக்குத் திரும்பினார். வேகம் போதவில்லை. ஆகாயத்தில் ஓரங்கட்ட இடமில்லை.

அப்பா போன மூன்றாவது வாரம் வெல்டர் மாமா வீட்டுக்கு வந்தார்.

“ஞாயித்துக்கிழமை என்னோடத எடுக்கிறேம்மா. உங்கப்பன் நினைவா. பாவம், அவன் விதி.”

“விதியா? கொட்டகைக்கு வாங்க மாமா.”

நானே குழி வெட்டினேன். மாமா கைகட்டி நின்றார். அவர் விமானத்தின் வாலை அதில் இறக்கியதும் மூக்கு நிமிர்ந்தது. தொட்டியில் அப்பா அன்று போட்ட அதே அளவு. கார்புரேட்டர் பக்கம் பெட்ரோல் குழாயைக் கழற்றி அளவுக் குவளைக்குள் விட்டேன். ஸ்டாப்வாட்சை மாமா கையில் திணித்தேன்.

பெட்ரோல் நூலாக இறங்கியது. சொட்டியது. நின்றது. மாமா தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். உள்ளே தளும்பிக்கொண்டிருந்தது.

“எவ்வளவு நேரம் மாமா?”

“முப்பத்தெட்டு செகண்டு.”

“அதக் கேக்கல. குழி வெட்ட ஆரம்பிச்சதுல இருந்து.”

அவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்தார். நான் சொன்னேன்: நாற்பது நிமிஷம்.

ஆறு வருடம் கொடுத்த மனுஷன் நாற்பது நிமிடம் கொடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் பறக்கவில்லை. தொட்டியை உயர்த்திப் பொருத்தக் கழற்றி வைத்திருக்கிறார். நேற்று மண்வெட்டியோடு குழியை மூடப் போனார். பொருத்திய பின் மறுபடி அளக்க வேண்டும்; நான் விடவில்லை.