லாண்ட்ரிக் கடையில் பௌதிகம்

புலம்பெயர்ந்தோர் நிறைந்த பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் நான் அறை எடுத்திருந்த குளிர்காலத்தில், ஞாயிறுகளில், காசு போட்டு நாமே மெஷினில் துவைக்கும் லாண்ட்ரிக் கடையில் அந்தப் பெண்ணைப் பார்ப்பேன். முப்பது வயதிருக்கும். கண்ணுக்குக் கீழே கருவளையம், ப்ளீச் பட்டு வெடித்த விரல்கள். பகலில் துப்புரவு வேலை என்பதால் வகுப்புக்குப் போக முடியாது. தானாகவே படித்து உயர்தரப் பௌதிகச் சோதனை எழுதவிருந்தாள். தேறினால்தான் கல்லூரியில் இடம்.

படித்ததைப் பக்கத்தில் இருப்பவருக்கு விளக்குவது அவள் வழக்கம். மற்றவர்கள் தலையாட்டிவிட்டுப் போனைப் பார்ப்பார்கள். எட்டாம் வகுப்போடு நின்ற நான், "ஒண்டும் விளங்கேல்லை" என்றேன். அன்றிலிருந்து என் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

"போனமுறை பாடமாக்கிக்கொண்டு போய் ஃபெயில், அண்ணை. வகுப்பெண்டால் பிழையைச் சொல்ல ஆராவது இருப்பினம். எனக்கு நீங்கள்தான்."

"நல்ல ஆளாய்ப் பார்த்துத்தான் பிடிச்சிருக்கிறாய், தங்கச்சி."

சோதனைக்கு முந்திய ஞாயிறு, மெஷின் சுழலும்போது உடுப்பிலிருந்து தண்ணீர் ஏன் வெளியேறுகிறது என்று மூன்றாவது தடவையாகச் சொன்னாள். எனக்குப் பிடிபட்டது.

"விளங்குது."

"சும்மா சொல்லாதேங்கோ. திருப்பிச் சொல்லுங்கோ பாப்பம்."

"உடுப்பை ட்ரம் சுவர் மறிச்சு வளைச்சுக்கொண்டு போகுது. ஓட்டைக்கு வாற தண்ணியை வளைக்க ஒண்டுமில்லை. அது நேரே போயிடுது."

அவள் புத்தகத்தை மூடினாள். "அப்ப எனக்கும் விளங்கியிட்டுது" என்று சொல்லிவிட்டு, சூடான ட்ரையரில் தலை சாய்த்துத் தூங்கிப்போனாள்.

அடுத்த வாரம் வேலை தேடி வேறு ஊருக்குப் போய்விட்டேன். அவள் தேறினாளா என்று தெரியாது. எந்த ஊர் லாண்ட்ரியில் உட்கார்ந்தாலும், தண்ணீர் ஏன் நேரே போகிறது என்பது மட்டும் எனக்குத் தெரியும்.