நானே ஏற்றிய என் மரண அறிவித்தல்

இரண்டு வருடங்களுக்கு முன், ஓர் ஆடி மாதக் காலையில் சுன்னாகத்தில் தொடங்கியது இது.

அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது. மணமாகாதவள். புத்தூரில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, சட்டை தைத்துக் கொடுத்துவந்தேன். அம்மா உடுப்பிட்டியில் தனியே இருந்தார், நெஞ்சு வருத்தக்காரர். ஒரே தம்பி பிரான்சில். என் தையலுக்கு நானே ஓர் இணையத்தளம் செய்தால் என்ன என்ற ஆசையில் சுன்னாகத்தில் ஒரு சின்னக் கணினி வகுப்பில் சேர்ந்தேன். அங்கே வயது கூடியவள் நான்தான். படிப்பித்த மிஸ்ஸே என்னைவிடப் பதினைந்து வயது இளையவர்.

தலைப்பைப் பெரிதாக்குவது, படத்தை நடுவில் வைப்பது, பெயர்களை வரிசையாகப் போடுவது எல்லாம் படித்து முடித்ததும், "உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச ஒண்டைப் பாத்து ஒரு பக்கம் செய்யுங்கோ" என்றார் மிஸ். மற்றவர்கள் கலியாண அழைப்பிதழும் கடை விளம்பரமும் செய்தார்கள். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது மரண அறிவித்தல். சிரிக்காதீர்கள். காலைத் தேநீரோடு கைபேசியில் மரண அறிவித்தல் பார்க்காத வீடு எங்கள் பக்கத்தில் குறைவு. சொந்தத்தில் பாதி வெளிநாட்டில்; யார் போய்விட்டார் என்பதை அதில்தான் அறிகிறோம். நடுவில் படம், பிறந்த இடம், வாழ்ந்த இடம், பிறகு "அன்னார் இன்னாரின் அன்பு மகளும், இன்னாரின் பாசமிகு சகோதரியும்" என்று ஒரு நீண்ட வரிசை. பழகுவதற்கு அதைவிட நல்ல பக்கம் ஏது?

யாருடைய பெயரைப் போடுவது என்பதுதான் சிக்கல். இன்னொருவரைச் சாகடிக்க மனம் வரவில்லை. என்னையே போட்டேன். என் படம், என் பெயர், அம்மா பெயர், தம்பி பெயர், எல்லாம் உள்ளபடி. மிஸ் எட்டிப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார்.

"அக்கா, உந்தப் பக்கத்தை முதல்லை அழியுங்கோ."

"ஓம்" என்றேன். அழிக்கவில்லை. அவ்வளவு வடிவாக வந்திருந்தது.

வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்டவள் நான். அந்த ஆடிக் காலையில் என் தையல் பக்கம் தயாராக இருந்தது. ஒரு தளத்தில் முதலில் திறக்கும் பக்கத்துக்கு எல்லாரும் வைக்கும் பொதுப்பெயர் ஒன்று உண்டு. என்னுடைய இரண்டு பக்கங்களுக்கும் அதே பெயர்தான். அவசரத்தில் எதை ஏற்றினேன் என்று திறந்துகூடப் பார்க்காமல், அதன் இணைப்பைக் கைபேசியில் எங்கள் குடும்பக் குழுவுக்கு அனுப்பினேன். அம்மா அந்தக் குழுவில் இல்லை. வகுப்பு தொடங்கிவிட்டதால் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. கைபேசியின் சத்தத்தை அடக்கிப் பைக்குள் வைத்துவிட்டேன்.

ஒரு மணித்தியாலம் கழித்துப் பார்த்தால் நாற்பதுக்கு மேல் அழைப்புகள். பாராட்டத்தான் எடுத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். தம்பிக்கு எடுத்தேன்.

"அக்கா? நீயே கதைக்கிறாய்?"

அப்போதுதான் விசயம் விளங்கியது: தையல் பக்கத்துக்குப் பதிலாக என் மரண அறிவித்தலை ஏற்றியிருக்கிறேன். செத்தவரின் கைபேசியிலிருந்தே வீட்டுக்காரர் அறிவித்தலை அனுப்புவது எங்களிடம் வழக்கம். ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

"மாமாட்டைச் சொல்லிப்போட்டன் அக்கா. அம்மாக்கு மெல்லமாச் சொல்லச் சொல்லி. அவர் வெளிக்கிட்டிட்டார். இப்ப போன் எடுக்கிறாரில்லை."

அம்மாவுக்கு எடுத்தேன். மணி அடித்தபடியே இருந்தது. திரும்பத் திரும்ப எடுத்தேன். அவரும் எடுக்கவில்லை. அதிர்ச்சியான செய்தி எதுவும் கூடாது என்று வைத்தியர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். புத்தூர் எப்போது கடந்தது என்று தெரியாது. வல்லை வெளியில் காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளியது. இந்த நேரம் அம்மா விழுந்திருப்பாரோ, இந்த நேரம் மூச்சு நின்றிருக்குமோ என்பதைத் தவிர வேறு நினைப்பில்லை. என் கையாலேயே அம்மாவைக் கொன்றுவிட்டேன் என்று வாய்விட்டு அழுதுகொண்டே ஓட்டினேன்.

அம்மாவின் ஒழுங்கைக்குள் திரும்பியதும் கேற்றடியில் சனம் நின்றது. எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். கிட்டப் போனால், பக்கத்து வளவு அக்கா கேற்றுக்குக் குறுக்கே கையை விரித்துக்கொண்டு நிற்கிறார். எல்லைத் தகராறில் எட்டு வருடமாக அம்மாவோடு முகம் கொடுத்துக் கதைக்காதவர். மாமாவும் கூட வந்தவர்களும் வெளியே நின்றார்கள்.

என்னைக் கண்டதும் மாமா அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். அந்த அக்காவும் விரித்த கையை இறக்கினார்.

"வந்திட்டியோ பிள்ளை? பிரேதத்தைக் கண்ணாலை கண்டனியளோ எண்டு கேட்டன். ஒருத்தரும் காணேல்லை. காணாத செய்தியைத் தாய்க்காரியின்ரை காதிலை போட விடமாட்டன் எண்டு நிண்டிட்டன்."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விம்மினேன். உள்ளே கிணற்றடியில் தண்ணீர் மோட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலில் அம்மாவுக்குக் கைபேசியும் கேட்கவில்லை, எங்கள் சத்தமும் கேட்கவில்லை. மாமா எழும்பி, வந்த சனத்தை மெல்ல அனுப்பிவிட்டார். வாழைக்குத் தண்ணீர் கட்டிவிட்டு, சேற்றுக் காலோடு வந்தவர் என்னைப் பார்த்து, "என்ன பிள்ளை, உந்த வெய்யிலுக்கை? தேத்தண்ணி குடிக்கிறியே?" என்றார். அந்தக் குரலைக் கேட்டபோது வந்த அழுகையை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

பக்கத்தை அன்றைக்கே அழித்தேன். ஆனால் அதற்குள் யாரோ அதைப் படமாக எடுத்திருந்தார்கள். அது எங்கெங்கோ சுற்றிக்கொண்டிருந்தது. எந்த நேரமும் அம்மாவுக்கு ஓர் அழைப்பு வரலாம் என்ற பயத்தில், சில நாட்களில் நானே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அம்மா ஏசவில்லை. அன்று பின்னேரம் முழுவதும், ஏதோ எடுக்க வருவதுபோல நான் இருந்த அறைக்கு வந்து வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனார்.

இன்று மற்றவர்களுக்கும் தளங்கள் செய்து கொடுக்கிறேன். வேலை பழகிவிட்டது, பயம் மட்டும் போகவில்லை. எதையும் வெளியே அனுப்பும் முன், இதை முதலில் யாருடைய அம்மா பார்ப்பாரோ என்று என் விரல் ஒரு கணம் நின்றுதான் அழுத்துகிறது.