உண்ணி எடுக்கிற பூரணி

முதலில் காது. இடது காதைப் புரட்டி, உள்மடிப்பை விரலால் நீவிப் பார்த்து, ஒன்றும் இல்லையென்றால் "சரி, அந்தப் பக்கம் திரும்பு" என்பாள் பூரணி. நாய் திரும்பிவிடும். அதுதான் அதிசயம். கங்காணி சொல்லியும் திரும்பாத ஆட்கள் இந்தத் தேயிலைத் தோட்டத்தில் எத்தனையோ பேர்; ஆனால் பூரணி சொல்லித் திரும்பாத நாயை யாரும் கண்டதில்லை. காது முடிந்தால் கழுத்து, பிறகு அக்குள், பிறகு நான்கு பாதத்திலும் விரலுக்கு விரல் இடுக்கு, கடைசியாக வாலடி. நடுவில் யாராவது பேச்சுக்கொடுத்து வரிசை தவறிவிட்டால் திட்டிக்கொண்டே மறுபடி காதிலிருந்து தொடங்குவாள்.

இறம்பொடைக்குக் கீழே, பள்ளத்தில் ஒரே வரிசை அறைகளாகக் கிடக்கிற லயத்தில் கடைசிக் காம்பரா அவளுடையது. அந்தி நிறுவையில் கொழுந்தைக் கொட்டிவிட்டு வந்தால் மற்றவர்கள் அடுப்பைப் பார்ப்பார்கள். இவள் கூடையைக்கூட ஒழுங்காகச் சாத்தாமல் வாசல் திண்ணையான இஸ்தோப்பில் காலை நீட்டி உட்கார்ந்துவிடுவாள். மடியில் ஒரு நாய். பக்கத்தில் பழைய பால் டின், அதில் ஒரு விரற்கடை மண்ணெண்ணெய். எடுத்த உண்ணியெல்லாம் அதற்குள் போகும். புருஷன் வீரய்யா அவனாகவே தேத்தண்ணி ஊற்றிக் குடித்து, அவளுக்கும் ஒரு கோப்பை கொண்டுவந்து வைப்பான். அது ஆறிப் பச்சைத் தண்ணீராகிற வரை அங்கேயே இருக்கும்.

உண்ணியைக் கல்லில் வைத்து நசுக்குகிற பிள்ளைகளைக் கண்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். "ரத்தத்தக் கையில பூசிக்கிட்டுச் சோறு திம்பீங்களாடா? டின்னுல போடுங்க" என்பாள். எரிகிற புகையிலைக் காம்பால் உண்ணியைச் சுடுகிறவர்களையும் அவளுக்குப் பிடிக்காது. இவ்வளவு ஏன், நாயின் முதுகை மட்டும் தடவிப் பார்த்து "சுத்தமா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களைக்கூட ஏற இறங்க ஒரு பார்வை பார்ப்பாள். முதுகிலா உண்ணி உட்காரும்? அதற்கு என்ன, வெயில் காயணுமா?

கொழுந்து கிள்ளுவதில் பூரணியின் கைக்கு அந்த மலையில் ஈடு கிடையாது. தேயிலைச் சாயம் ஏறிக் கறுத்த பெருவிரலும் ஆள்காட்டி விரலும் செடிமேல் போகிற வேகத்தைப் பார்த்தால் நமக்குக் கண் வலிக்கும். ஆனால் உண்ணியைத் தொடும்போது அதே விரல்கள் மெதுவாகிவிடும். தோலோடு ஒட்டிப் பிடித்து, திருகாமல், ஒரே சீராக மேலே இழுப்பாள். மற்றப் பெண்களுக்கு இது வரவே வராது. பழக்கதோஷத்தில் கொழுந்தை ஒடிப்பதுபோல வெடுக்கென்று ஒடித்துவிடுவார்கள். உடம்பு கையோடு வரும், வாய் நாயின் தோலுக்குள்ளேயே நின்றுவிடும், நாலாம் நாள் அந்த இடம் சீழ் கட்டும்.

மருந்துப்பொடி என்று அவளிடம் பேச்செடுக்கக் கூடாது. அதற்கு ஒரு கதை உண்டு. மூன்று வருஷத்துக்கு முன்னால் நுளம்புக்கு, அதாவது கொசுவுக்கு, அடிக்க வந்த பொடியில் ஒரு பொட்டலத்தை இவளே கெஞ்சிக் கேட்டு வாங்கிவந்து, கருவாச்சி என்கிற தன் பெட்டை நாய்க்குத் தலையிலிருந்து வால் வரை அப்பினாள். கருவாச்சிக்கு ஒன்றும் ஆகவில்லை. குளிருக்கு அதன் வயிற்றோடு ஒட்டிப் படுக்கிற பூனை தன் மேல் படிந்ததை நக்கி நக்கிச் சுத்தம் செய்தது. இரண்டு நாள் வெட்டிவெட்டி இழுத்துச் செத்தது. "எங் கையாலதான் கொன்னேன்" என்று இன்றைக்கும் சொல்வாள், சொல்லும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அன்றிலிருந்து லயத்துப் பூனைகளுக்குச் சீப்பு மட்டும்தான். பேன் சீப்பை அடிமயிர் வரை விட்டு வாரி, சிக்கின தெள்ளுப்பூச்சி தாவுவதற்குள் சவர்க்காரத் தண்ணீரில் முக்கிவிடுவாள்.

இந்த ஆனி மாதம், மழை பிடித்துக்கொண்ட வாரத்தில், பங்களாவிலிருந்த தோட்டத் துரையின் சடைநாய் செத்துப்போனது. நுவரெலியாவிலிருந்து வந்த டாக்டர் உண்ணிக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டாராம். மறுநாள், வேலைக்கு ஆள் பிரிக்கிற காலைப் பெரட்டில் துரையின் முகம் கடுகடுவென்று இருந்தது. லயத்து நாய்கள் மேலே வந்துதான் உண்ணியைப் பரப்பின, அத்தனையையும் சுட்டுப் புதைக்க வேண்டும் என்று உத்தரவு. செல்லசாமி கங்காணி அதை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி எடுத்துச் சொன்னார். அவர் வீட்டிலும் ஒரு நாய் இருந்தது.

பெரட்டில் பெண்ணாள் ஒருத்தி கங்காணியைத் தாண்டித் துரையிடம் வாய் திறப்பது நடக்கிற காரியமில்லை. பூரணி கூடையைத் தலையில் மாட்டியபடியே வரிசையை விட்டு முன்னால் வந்தாள். ஒன்பது வருஷமாக இருட்டு விலகாத காலையில் அவளுக்கு முன்னே மலையேறி, பாம்பு கிடந்தால் குரைத்து நிறுத்துகிற கருவாச்சி அவள் மனசில் நின்றது.

"எட்டு நாளு குடுங்க தொரைங்களே. எட்டாம் நாளு லயத்துல இருக்குற பதினோரு நாயையும் இங்கன கொண்டாந்து நிறுத்துறேன். ஒரு உண்ணி கண்ணுல பட்டாலும் சுடுங்க, நான் வாயத் தொறக்க மாட்டேன்."

துரை அவளை ஒரு தடவை பார்த்தார். "எட்டு நாள்" என்றார். கங்காணியிடம் திரும்பி, "பிறகு சுடு" என்றார்.

கங்காணி நல்லெண்ணத்தில் ஒரு யோசனை சொன்னார்: பொடியை வாங்கிப் பதினொன்றுக்கும் தூவிவிட்டால் ஒரு மணி நேரத்து வேலை. பூரணி கேட்டுக்கொண்டாள். லயத்தில் எத்தனை பூனை, எத்தனை தவழ்கிற பிள்ளை என்று விரல்விட்டு அவருக்கே எண்ணிக் காட்டினாள்.

முதல் மூன்று நாளும் கையாலேயே எடுத்தாள். சிலதெல்லாம் ரத்தம் குடித்து ஆமணக்கங்கொட்டை அளவுக்கு ஊதியிருந்தன. உதவிக்கு வந்த பெண்கள் கொழுந்து ஒடிக்கிற கையோடு வந்தார்கள். ஒரு நாயின் கழுத்தில் மூன்று இடம் வீங்கிப்போனது. அவர்களை நிறுத்திவைத்து, ஒவ்வொருத்தியின் விரலையும் தன் விரலால் பிடித்து, எப்படி இழுப்பது என்று காட்டிக்கொடுத்தாள். நாலாம் நாள் கருவாச்சியின் காதைப் புரட்டினால், கடுகு கடுகாகப் புதிது. முந்தின நாள் துடைத்துவைத்த மாதிரி இருந்த காது. பூரணிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சனியனே, எங்கேயிருந்துதான் வருகிறாய் என்று கேட்டுக்கொண்டே எழுந்து நாயின் பின்னால் போனாள்.

கருவாச்சி நேராகப் போய், ஆணியில் தொங்கிய படங்குக்கு அடியில் சுருண்டு படுத்தது. படங்கு என்றால், தேயிலைச் செடி வயிற்றைக் கிழிக்காமல் இருக்கப் பெண்கள் இடுப்பில் கட்டிக்கொள்கிற தடித்த சாக்கு. வேலை முடிந்ததும் அதை வாசலில் மாட்டுவார்கள். நுனி தரையில் புரளும். அந்தச் சூட்டுக்கு நாய்கள் அதன்மேல் படுக்கும். பூரணி அதை எடுத்து ஒரு வெள்ளைத்துணிமேல் உதறினாள். உதிர்ந்த உண்ணிகளில் துணியே நகர்ந்தது. விளக்கைக் கொண்டுவந்து சுவர் வெடிப்பைப் பார்த்தாள். உள்ளே கும்பல் கும்பலாக முட்டை. நாயில் இருந்தது கொஞ்சம், வீட்டில் இருந்ததுதான் மிச்சம். இத்தனை வருஷமாக நாயைப் பார்த்தவள் சுவரைப் பார்க்கவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை லயத்துப் படங்கு அத்தனையையும் கொதிதண்ணீரில் போட வேண்டும் என்றாள். அவ்வளவுதான், பெண்கள் கொதித்துவிட்டார்கள். ஆனி மழையில் படங்கு நனைந்தால் மூன்று நாளானாலும் காயாது. திங்கட்கிழமை எதைக் கட்டிக்கொண்டு மலைக்குப் போவது? பக்கத்துக் காம்பரா நாகலெட்சுமி முகத்துக்கு நேரே கேட்டாள்:

"யக்கா, ஈரச் சாக்கக் கட்டிக்கிட்டு எனக்குக் காய்ச்சல் வந்தா உங்க நாயா வந்து கொழுந்து எடுக்கும்?"

நியாயமான கேள்விதான். பூரணி தன் படங்கை முதலில் எடுத்துத் தண்ணீரில் போட்டாள். போட்டுவிட்டுச் சொன்னாள்: "அடுப்புக்கு மேல கட்டி மொத மொத ஒன்னோடதக் காய வச்சுத் தாரேன். காயலைன்னா நான் வீட்டுல கெடக்குற பழைய கம்பளியக் கட்டிக்கிட்டுப் போயி ஒனக்கும் சேத்து எடுக்குறேன். சாக்கக் காய வைக்கலாம்; நாயச் சுட்டுப்புட்டாங்கன்னா எதக் கொண்டாந்து ஈடு கட்டுறது, நாகு?"

நாகலெட்சுமி வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே போய்த் தன் படங்கைக் கொண்டுவந்தாள். அவள் கொடுத்ததும் மற்றவர்கள் கொடுத்தார்கள். பூண்டுலோயாவில் கடை வைத்திருக்கிற பாவா நானாவிடம் சுண்ணாம்புக்குப் போனபோது, அவருடைய கடைப்பூனை மூன்றுக்கும் தெள்ளு வாரிவிட்டால் ஒரு மூட்டை எடுத்துக்கொண்டு போகலாம் என்றார். பூரணி கடை மூலையில் அரிசிச் சாக்குகளுக்கு நடுவே இரண்டு மணி நேரம் உட்கார்ந்து வாரினாள். வீரய்யா மூட்டையைச் சுமந்து வந்து, களிமண் குழைத்து, லயத்துச் சுவரின் வெடிப்பெல்லாம் அடைத்து வெள்ளையடித்தான். திங்கட்கிழமை பத்துப் பதினைந்து பெண்கள் ஈரப் படங்கோடு மலையேறினார்கள். பூரணியை வையாத வாய் இல்லை. அவள் கம்பளியைக் கட்டிக்கொண்டு தலை குனிந்து கொழுந்தெடுத்தாள். அந்தியானால் பதினொரு நாய்களையும் மறுபடி காதிலிருந்து பார்த்து உண்ணி எடுத்தாள்.

எட்டாம் நாள் தூறல். பெரட்டுக்களத்தில் பதினொரு நாய்களும் சணல் கயிற்றில் நின்றன. காவற்காரன் துப்பாக்கியோடு ஒதுங்கி நின்றான். துரை கையுறையை மாட்டிக்கொண்டு தாமே பார்த்தார். பத்து நாய் முடிந்தது. கருவாச்சியிடம் வெகுநேரம் நின்றார். பாத இடுக்கைக்கூட விடவில்லை. ஒன்றும் இல்லை. பெண்களிடமிருந்து ஒரு பெருமூச்சு கிளம்பியது.

துரை நிமிர்ந்தார். "இன்றைக்கு இல்லை. அடுத்த மாதம் வரும். லயத்து நாய் எப்போதும் உண்ணி நாய்" என்றார். காவற்காரனைப் பார்த்துத் தலையை அசைத்தார்.

நாகலெட்சுமி அழ ஆரம்பித்தாள். துரைக்குப் பின்னால் பங்களா சமையற்காரர் அழகன் குடை பிடித்து நின்றார். இன்னொரு கையில் துரை நாலு நாளைக்கு முன் வாங்கிவந்த புதுக் குட்டி. செத்த நாயின் கூட்டில், அதே மெத்தையில் படுக்கிற குட்டி. பூரணி கயிற்றை நாகலெட்சுமியிடம் கொடுத்துவிட்டு நடந்துபோய், யாரையும் கேட்காமல், அந்தக் குட்டியின் கழுத்துப்பட்டைக்கு அடியில் இரண்டு விரலை விட்டாள். தோலோடு ஒட்டிப் பிடித்தாள். மெதுவாக இழுத்தாள்.

"இது எந்த லயத்துலேருந்து வந்துச்சுங்க, தொரைங்களே?"

உள்ளங்கையை நீட்டினாள். மழைத்துளி விழுந்த அந்தக் கறுத்த கையின் நடுவே, மிளகளவு, கால்களை அசைத்துக்கொண்டு கிடந்தது. துரை பார்க்காததுபோல நின்றார். காவற்காரன் துப்பாக்கியின் வாயைத் தரைக்குத் திருப்பினான். பூரணி நீட்டிய கையை, துரை குனிந்து பார்க்கிற வரை இறக்கவில்லை.