கைப்பிடி மட்டும் வைத்த விளம்பரப் பலகை

அந்தமானில், பம்பூ ஃப்ளாட் படகுத்துறைக்கு அருகே, எதிர்க்கரை சாத்தத்திலிருந்து வரும் பயணிகள் படகைப் பார்த்தபடி எனக்கு ஒரு விளம்பரப் பலகை இருக்கிறது. அதை வாடகைக்கு விட்டுத்தான் பிழைக்கிறேன். சென்ற மழைக்காலத்தில் பழைய ஃபிளெக்ஸைக் கழற்றிவிட்டோம். ஒரு ஃப்ரிட்ஜ் கம்பெனியின் புது ஃபிளெக்ஸ் மெயின்லேண்டிலிருந்து வரவேண்டும். கடல் சரியில்லாததால் கப்பல் தாமதம். வெறும் இரும்புச் சட்டம் நின்றது.

வடக்கே ரங்கத் ஊரில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லித்தரும் என் மகள் விடுமுறையில் வந்திருந்தாள். “அதுவரைக்கும் எனக்குக் குடுங்கப்பா” என்றாள். சட்டத்துக்கு வெள்ளை அடித்து, ஓரத்தில் மரத்தாலான பெரிய ஃப்ரிட்ஜ் கைப்பிடி ஒன்றை மாட்டினாள். உள்ளே வானம் மட்டும்தான்.

“இதுல என்னம்மா விக்கிறே?”

“ஒண்ணுமில்லப்பா. வாங்கு வாங்குன்னே கத்துன போர்டு, கொஞ்ச நாள் சும்மா இருக்கட்டும்.”

படகில் ஒரே சிரிப்பு. “அரே பாய், இந்த ஃப்ரிட்ஜ் என்ன விலை?”

“கரண்ட் பில்லே கிடையாது, தூக்கிட்டுப் போ!”

மேகமில்லாத மாலையில், படகு கரையை நெருங்கும்போது சூரியன் அந்தச் சட்டத்துக்குள் இறங்கும் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள். அதைப் பார்க்கத் தினமும் படகில் போனாள். தினமும் மழை. விடுமுறை முடிந்து பஸ் ஏறும்போது, “சனிக்கிழமை வந்துடுவேன். அதுவரைக்கும் ஃபிளெக்ஸ் மாட்டாதீங்கப்பா” என்றாள். சரி என்றேன்.

வியாழக்கிழமை மாலை வானம் வெளுத்தது. நான் படகில் இருந்தேன். சூரியன் சட்டத்துக்குள் வந்ததும், யாரோ அந்தக் கைப்பிடியைப் பிடித்துக் கதவைத் திறந்ததுபோல் வெளிச்சம் எங்கள்மேல் கொட்டியது. தண்ணீர், கயிறுகள், எதிரே இருந்தவர்களின் முகங்கள், எல்லாம் பொன்னாயின. மீன் கூடையோடு நின்ற பெண், “பாப் ரே!” என்று கூடையை இறக்கி வைத்தாள். யாரும் போனை எடுப்பதற்குள் முடிந்துவிட்டது. படகு கரை சேர்ந்தும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் ஃபிளெக்ஸ் வந்தது. கம்பெனிக்காரரிடம் ஒரு நாள் பொறுக்கச் சொல்லியிருக்கலாம். கேட்கவே இல்லை. கைப்பிடியைக் கழற்றிவிட்டு மாட்டிவிட்டேன்.

சனிக்கிழமை வந்த மகள் சண்டை போடவில்லை. “ஒரு நாளாவது வெயில் அடிச்சுதாப்பா?” என்று மட்டும் கேட்டாள்.

பார்த்தும் கழற்றினேன் என்று சொல்ல வாய் வரவில்லை. “இல்லம்மா, மழைதான்.”

“நல்லதாப் போச்சு. என் கணக்கே தப்போ என்னமோ” என்று சிரித்தாள்.

அவள் கணக்கு தப்பவில்லை. அதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் இல்லை என்றேன்.