பன்னிரண்டு முடி கிளுவை

புதுப்பட்டினத்துக்கு மேற்கே உள்ள ஏரிக்கு ஹரிகிருஷ்ணன் சார் தன் பறவைக் குழுவோடு வந்து சேர்ந்தபோது மணி எட்டரை. இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் அப்படித்தான் ஆகும். பங்குனி வெயில் அதற்குள் சுள்ளென்று ஏறிவிட்டது. வடக்கே திரும்பும் கிளுவை வாத்துகளை எண்ணிப் பட்டியல் போடத்தான் வந்திருந்தார்கள். தண்ணீரில் ஒன்றுகூட இல்லை.

"கிளுவை, பூஜ்யம்" என்று சார் நோட்டில் எழுதியே விட்டார்.

"பூஜ்யம் போடாத சார்." கரைமேல் இடுப்பில் கைவைத்து நின்றாள் செங்கம்மாள். "வெயிலுக்குக் கோரைக்குள்ள பூந்துகீது. விடியவே எண்ணிட்டேன், பன்னெண்டு முடி."

இப்போது அணுமின் நிலைய ஊழியர் குடியிருப்பில் பெருக்கும் வேலை அவளுக்கு. அதற்கு முன் இருபது வருஷம் ஊரார் கழனியில் நடவு நட்டவள். தினமும் இந்தக் கரைவழியாகத்தான் வேலைக்குப் போகிறாள். நாற்றைக் கட்டுக் கட்டாக முடிவதுபோல, இருபது வாத்து சேர்ந்தால் அவளுக்கு ஒரு முடி. கழனியைப் பார்த்ததுமே இத்தனை முடி நாற்று வேண்டுமென்று சொன்ன கண்ணுக்கு வாத்து என்ன பிரமாதம்!

போன வருஷமும் இதையேதான் சொன்னாள். சார் சிரித்துவிட்டுப் பூஜ்யம் போட்டார். அந்தச் சிரிப்பு இன்னும் அவளுக்கு ஆறவில்லை. "கண்ணால பாத்தத இல்லேன்னு எழுதுவாங்களாம், நா வாய மூடிகினு போவணுமாம்!" என்று புருஷன் ஏசுபாதத்திடம் எத்தனை நாள் பொருமியிருப்பாள்!

"போட்டோ இருக்காம்மா? இல்லாம எப்படி எழுதறது?" என்றார் சார்.

"உன் பூஜ்யத்துக்குப் போட்டோ கீதா சார்?"

கேமராக்காரன் ஷ்யாம் சிரிப்பை அடக்கிக்கொண்டான். சார் முகம் சிவந்து, நோட்டை மூடிவிட்டுக் காரில் ஏறினார். செங்கம்மாள் விடுவிடுவென்று போய்க் கார் முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"பருந்து வர்ற நேரம். பாத்துட்டுப் போ. இல்லாங்காட்டி என் மேல ஏத்திகினு போ."

"இதென்னம்மா அநியாயம்!" என்று இறங்கினார் சார்.

கால் மணி நேரம் போயிருக்கும். வெயில் ஏறியதும் தினமும் வரும் பூனைப்பருந்து அன்றும் வந்தது. கோரையை உரசுகிற மாதிரித் தாழப் பறந்து ஒரு சுற்றுச் சுற்றியதுதான் தாமதம், உள்ளே பதுங்கியிருந்த கிளுவைகள் மொத்தமாகக் கிளம்பின. ஷ்யாம் படமெடுத்து, அதைப் பெரிதாக்கி இரண்டு தடவை எண்ணினான்.

"இருநூத்தி நாப்பத்து மூணு சார்."

"மூணு கொறச்சிச் சொல்லிட்டேன்" என்றாள் செங்கம்மாள்.

சார் பூஜ்யத்தை அடித்து 243 என்று எழுதினார். பக்கத்தில் 'பார்த்தவர்' என்ற இடத்தில், பழக்கத்தில், தன் பெயரைப் போட்டார். எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள் அவள். ஐந்தாவது வரை படித்தது அதற்குப் போதும்.

"அதையும் அடி சார். செங்கம்மாள்னு எழுது."

அடித்தார், எழுதினார். அப்பாடா என்று பேனாவை மூடினார்.

செங்கம்மாள் திரும்பவும் கார் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

"இப்போ போன வருஷத்து நோட்ட எடு."